வழக்கு எப்போ பழுக்கும்?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. அசைன்மெண்ட் மேல அசைன்மெண்ட். நகரத் திட்டமிடல்ல மாஸ்டர்ஸ் பண்ண வந்த எனக்கு, இந்த செமஸ்டர்ல நிலச் சட்டம்னு ஒரு பாடம். முதல் வகுப்புலயே பேராசிரியர் பலகையில எழுதின வார்த்தை 'ரைப்னெஸ்'. அதாவது பழுத்திருக்கறது. மாம்பழத்துக்கு சரி, வழக்குக்குமா? ஆமாவாம். பிஞ்சுல கோர்ட்டுக்குக் கொண்டு போனா, "பழுத்ததும் வா"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்களாம். :-)

சிரிச்சுக்கிட்டேதான் படிக்க ஆரம்பிச்சேன். ரோஸ் மேரி நிக் என்கிற அம்மாவோட வழக்கு வந்ததும் சிரிப்பு போயிடுச்சு.

பென்சில்வேனியாவுல ஸ்காட் டவுன்ஷிப்னு ஒரு சின்ன ஊர். அங்கே அந்தம்மாவுக்கு 90 ஏக்கர். வீடு, குதிரைகளும் மத்த கால்நடைகளும் மேயற இடம், எல்லாம் அதுக்குள்ளேயே. 2012ல ஊராட்சி ஒரு விதி போட்டுச்சு: எந்த மயானமா இருந்தாலும் பகல் நேரத்துல பொதுமக்கள் வந்துபோகத் திறந்திருக்கணும். அடுத்த வருஷம் ஒரு அதிகாரி இவங்க நிலத்துல பழைய கல்லறைக் கற்களைப் பார்த்துட்டு, விதியை மீறிட்டதா நோட்டீஸ் கொடுத்துட்டார். மீறினா ஒரு நாளைக்கு 300லிருந்து 600 டாலர் வரை அபராதம்.

அமெரிக்க அரசியல் சாசனத்தோட ஐந்தாவது திருத்தம், நியாயமான இழப்பீடு தராம தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. யார் வேணா என் நிலத்துல நடக்கலாம்னு அரசு சொன்னா, அதுவும் எடுக்கறதுதானே? அந்தம்மா முதல்ல மாநில கோர்ட்டுக்குத்தான் போனாங்க. இந்த விதி செல்லாதுன்னு சொல்லுங்க, தடை போடுங்கன்னு கேட்டாங்க. ஊராட்சி நோட்டீஸை வாபஸ் வாங்கிடுச்சு. அப்போ அவசரம் ஒண்ணும் இல்லையேன்னு கோர்ட்டும் தீர்ப்பு சொல்லாம விட்டுடுச்சு. அடுத்து ஃபெடரல் கோர்ட். அங்கே கிடைச்ச பதில்: வழக்கு இன்னும் பழுக்கலை.

இந்தப் 'பழுக்கலை'க்குக் காரணம் 1985ல வந்த வில்லியம்சன் கவுண்டி தீர்ப்பு. டென்னசியில ஒரு வீட்டு மனைத் திட்டத்தைப் பத்தினது. அதுல உச்ச நீதிமன்றம் ரெண்டு நிபந்தனை வெச்சுச்சு. ஒண்ணு, அந்த நிலத்துல என்ன செய்யலாம், என்ன கூடாதுன்னு அரசு அலுவலகம் இறுதி முடிவு சொல்லியிருக்கணும். ரெண்டு, மாநிலம் இழப்பீட்டுக்குன்னு வெச்சிருக்கற வழியில போய்க் கேட்டு, இல்லைன்னு ஆகியிருக்கணும்.

முதலாவது எனக்குப் புரிஞ்சுது. எவ்வளவு எடுத்தாங்கன்னே தெரியாம இழப்பீட்டை எப்படிக் கணக்குப் போடறது? ரெண்டாவதுலதான் பொறி இருந்துச்சு. சான் ஃபிரான்சிஸ்கோவுல சான் ரெமோன்னு ஒரு ஓட்டல். அறைகளை சுற்றுலாப் பயணிகளுக்கு விடணும்னா 5,67,000 டாலர் கட்டுன்னு நகராட்சி சொல்ல, எதிர்ப்போட கட்டிட்டு வழக்கு போட்டாங்க. மாநில கோர்ட்ல தோத்துட்டு ஃபெடரல் கோர்ட்டுக்கு வந்தா, 2005ல உச்ச நீதிமன்றம் சொன்னது: மாநில கோர்ட் ஏற்கெனவே தீர்த்து வெச்ச விஷயத்தை இங்கே மறுபடி கிளற முடியாது.

ஆக, மாநில கோர்ட்டுக்குப் போகாம வந்தா பிஞ்சு. போய்த் தோத்துட்டு வந்தா அழுகல். பழம்ங்கற நிலையே கிடையாது! கருத்துச் சுதந்திரம் பறிபோனா நேரா ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம். நிலம் போனா மட்டும் அந்தக் கதவு திறக்காது.

2019 ஜூன்ல நிக் வழக்குல உச்ச நீதிமன்றம் அஞ்சுக்கு நாலுன்னு அந்த ரெண்டாவது நிபந்தனையைத் தூக்கிடுச்சு. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சொன்னதோட சாரம்: இழப்பீடு தராம எடுத்த அந்த நொடியிலேயே உரிமை மீறப்பட்டாச்சு. பின்னாடி பணம் கிடைக்க வழி இருக்குங்கறது அதை மாத்தாது. வங்கிக் கொள்ளைக்காரன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கொள்ளை கொள்ளைதான்னு உதாரணம் வேற. ஆனா இழப்பீட்டுக்கு வழி இருக்கறவரைக்கும், அரசோட வேலையை கோர்ட் பொதுவா நிறுத்தி வைக்கத் தேவையில்லைன்னும் சேர்த்தே சொன்னார்.

இதைப் படிச்சதும் கை தட்டணும்னு தோணுச்சு. எங்க தாத்தா நிலத்துல ரோடு போனப்போ, இழப்பீட்டுக் கேஸ் முடியறதுக்குள்ள தாத்தாவே போய்ச் சேர்ந்துட்டார். பணம் அப்பா கைக்குத்தான் வந்துச்சு. அது எதுக்கும் காணலைங்கறது வேற கதை. அந்த ஃபைலைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறின தாத்தா முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

ஆனா நான் படிப்பு முடிச்சா உட்காரப் போறது மேஜைக்கு அந்தப் பக்கம். அதனால நீதிபதி கேகன் எழுதின மாற்றுத் தீர்ப்பையும் ரெண்டு தடவை படிச்சேன். ஒரு விதி 'எடுக்கறது' ஆகுமா ஆகாதான்னு முன்கூட்டியே சொல்றது ரொம்ப கஷ்டம். நல்ல எண்ணத்தோட விதி போட்ட அதிகாரியையும் இது அரசியல் சாசனத்தை மீறினவரா ஆக்கிடும்ங்கறாங்க. உள்ளூர் நிலச் சட்டம் மாநில நீதிபதிகளுக்குத்தான் நல்லாத் தெரியும்ங்கறது இன்னொரு வாதம். ரெண்டையும் சுலபமா ஒதுக்க முடியலை.

முதல் நிபந்தனை இன்னும் இருக்கு. ஆனா 2021ல பக்டெல் வழக்குல, அதுவும் சான் ஃபிரான்சிஸ்கோதான், அது பெரிய தடை இல்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அரசு ஒரு முடிவுல நின்னுடுச்சா, அது போதும். அலுவலகத்தோட ஒவ்வொரு படியையும் முறைப்படி ஏறி இறங்கியிருக்கணும்னு இல்லை.

நிக் திறந்த கதவு எல்லாருக்கும் எதிராத் திறக்கலைங்கறதையும் சொல்லணும். ஊராட்சி, நகராட்சி மேல வழக்கு போட உதவற அந்த ஃபெடரல் சட்டம் மாநில அரசைத் தொடாது. டெக்சாஸ்ல ஒரு நெடுஞ்சாலையை உயர்த்தி நடுவுல தடுப்புச் சுவர் வெச்சதுல, புயல் மழைத் தண்ணி தேங்கி விவசாய நிலங்கள் மூழ்கிடுச்சு. அந்த டெவில்லியர் வழக்குல 2024ல, டெக்சாஸ் சட்டத்துலயே வழி இருக்கு, அதன்படி நடத்துங்கன்னு ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதா சொல்லிட்டாங்க.

நம்ம ஊர்லயும் எந்தக் கதவைத் தட்டறதுங்கற கேள்வி உண்டு. 1978ல வந்த 44வது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகள்லேர்ந்து எடுத்து 300-ஏ பிரிவுல வெச்சுது. அதனால அதை மட்டும் வெச்சு 32வது பிரிவுல நேரா உச்ச நீதிமன்றம் போக முடியாது, உயர் நீதிமன்றம் போகணும்.

ஏதோ வழக்கறிஞர்களுக்கான நுணுக்கம்னு நினைச்சுதான் இந்தப் பாடத்துக்குள்ள போனேன். இப்போ தோணறது வேற. 'எப்போ வரலாம்'ங்கற கேள்விக்குள்ள 'யார் காத்திருக்கணும்'ங்கற கேள்வி ஒளிஞ்சிருக்கு. பெரும்பாலும் காத்திருக்கறது நிலத்துக்காரங்கதான்.

நாளைக்கு எனக்குன்னு ஒரு மேஜை கிடைச்சா ஒண்ணு செய்யணும். "இன்னொரு ஃபாரம் கொண்டு வாங்க"ன்னு இழுத்தடிக்காம, முடியும்னா முடியும், முடியாதுன்னா முடியாதுன்னு எழுத்துல கொடுத்துடணும். அப்போதான் அவங்க அடுத்த கதவைத் தட்ட முடியும்.

பி.கு.: சட்டம் படிச்ச மக்கள் யாராவது இருந்தா, தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டிட்டுப் போங்க. செவ்வாய்க்கிழமை எனக்கு இதுலதான் தேர்வு!