சாவி போட்டதும் 'வீய்ங்'... பைக்கின் பெட்ரோல் டேங்க் என்ன சொல்கிறது?

காலை ஷிஃப்ட்டுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குக் கிளம்பும் புது பைக்குகளில், சாவியை ஆன் செய்ததும் டேங்குக்குள் 'வீய்ங்' என்று இரண்டு, மூன்று நொடி ஒரு சத்தம் வந்து அடங்கும். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. அதற்குப் பெட்ரோலை அழுத்தித் தள்ளும் ஃபியூவல் பம்ப்பின் சத்தம்தான் இது. பல பைக்குகளில் அழுத்தம் சுமார் 3 பார். அதாவது டயர் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

அந்தச் சத்தம் கேட்டால் நல்லது. ஊளையிடுவது போல மாறினாலோ, கேட்கவே இல்லை என்றாலோதான் யோசிக்கணும். வண்டி ஓடும்போது ஏதோ ஊளை கேட்கிறதா? எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் மறுபடி ஆன் செய்து கேளுங்கள். அதே சத்தம் அந்த மூன்று நொடியில் வந்தால் பம்ப். எஞ்சின் ஓடினால் மட்டும் வந்து, ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கினால் வேறு இடத்தில் தேடணும்.

டர்போ பைக்கில் இந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம். டர்போவைச் சுழற்றுவது சைலன்ஸருக்குப் போகும் புகை; எஞ்சின் ஓடாமல் அது விசிலடிக்காது. 1980-களில் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி நான்குமே டர்போ பைக் விற்று, சில ஆண்டுகளில் கைவிட்டன. (நின்ஜா எச்2-வில் இருப்பது டர்போ அல்ல, எஞ்சினே சுழற்றும் சூப்பர்சார்ஜர்.) டர்போ காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும்போது, அதையும் மீறி பெட்ரோல் போயாகணும். பம்ப் சோர்ந்துபோனால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றாகி பிஸ்டனே உருகலாம். மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. முறுக்கும்போதுதான் வண்டி திணறும். அப்போது 'டங் டங்' என்று தட்டும் சத்தமும் வந்தால் உடனே ஆக்ஸிலேட்டரைக் குறைக்கணும்.

நம்மூர் சாதா பைக்குக்கு வருவோம். பம்ப்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். "நூறு ரூபாய்க்குப் போடுங்க" என்று எப்போதும் ரிசர்வில் ஓட்டினால், 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் பம்ப் சூடாகித் தேயும். ஞாயிற்றுக்கிழமை ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், இருக்கிற கொஞ்சம் பெட்ரோலும் பின்பக்கம் சரிந்து, பம்ப் காற்றை உறிஞ்சி ஊளையிடலாம். பாதி டேங்க் நிரப்பியதும் சத்தம் போய்விட்டால் இப்போதைக்குத் தப்பித்தீர்கள்.

போகவில்லையா? நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கொஞ்சம் ஆறியதும் டேங்க் மூடியைத் திறங்கள். காற்று 'உஸ்ஸ்' என்று பலமாக உள்ளே இழுத்தால், டேங்க்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தாலே போதும். அதுவும் இல்லை என்றால் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் துரு பிடித்து ஃபில்டருக்கு வரும். செமஸ்டர் லீவுக்கு ஹாஸ்டலில் வண்டியை விட்டுப் போகிறவர்கள் கவனிக்க.

சாவி போட்டும் சத்தமே இல்லையா? முதலில் கில் ஸ்விட்ச்சைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், நிறைய பேர் இதை மறந்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் ஃபியூஸ், ரிலே.

எஞ்சின் பக்கம் லேசாக 'டிக் டிக்' என்பது இன்ஜெக்டர் திறந்து மூடும் சத்தம், பயப்பட ஒன்றுமில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டரில் வைத்து, கைப்பிடியில் காதை வைத்தால் தெளிவாகக் கேட்கும். ஆனால் பெட்ரோல் வாசனையோடு 'ஸ்ஸ்' என்று கேட்டால் சோதனையெல்லாம் வேண்டாம். பைப் கசிகிறது. என்.எச்.48 ஆக இருந்தாலும் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து விலகி நில்லுங்கள். செம சூட்டில் இருக்கும் டர்போ மேல் சொட்டினால் தீதான்.

"பம்ப் போயிடுச்சு, மாத்திரலாம்" என்று மெக்கானிக் சொன்னால், மாற்றுவதற்கு முன் கேஜ் வைத்து பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு இருக்கணும் என்பது கம்பெனி சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஊளைச் சத்தத்தை முன்பே போனில் பதிவு செய்துவைத்தால் இன்னும் நல்லது. ஒர்க்ஷாப் வாசலுக்குப் போனதும் எந்த வண்டியும் சமர்த்தாகிவிடும்.