ஆக்சலாட்டலின் வண்ணமும் வாழ்வும்

மெக்சிகோ நகரின் தென்பகுதியில் சோச்சிமில்கோ என்றொரு பெரிய ஏரி இருந்தது. இன்று அதன் எச்சமாகக் கால்வாய்கள் சிலவே உள்ளன. அங்கு வாழும் நீர்ப்பிராணியே ஆக்சலாட்டல். தவளைக்கு உறவான சாலமாண்டர் இனத்தைச் சேர்ந்தது. நீளம் ஒரு சாணுக்குச் சற்றே கூடும். தவளையின் தலைப்பிரட்டை வளர்ந்ததும் செவுளை இழந்து கரையேறுகிறது. ஆக்சலாட்டலோ செவுளோடு நீரிலேயே தங்கி, அந்த இளமைக் கோலத்திலேயே முட்டையிட்டு இனம் பெருக்குகிறது. இயற்கையின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

இப்பிராணி நம் நாட்டுப் பெருநகரங்களின் வண்ணமீன் கடைகளுக்கும் வந்துவிட்டது. நான் விலங்கியல் மாணவன் என்பதால் நண்பர்கள் பலர் இதைப் பற்றி என்னிடம் வினவுகின்றனர். வினாக்கள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியே இருக்கின்றன. ஆகவே நிறத்தைச் சூழ்ந்துள்ள தவறான எண்ணங்கள் சிலவற்றை முதலில் களைவோம்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் நிறமியற்றவை என்பது முதல் தவறு. இயற்கையில் ஆக்சலாட்டல் பொன்துகள் தூவிய கரும்பழுப்பு நிறம் உடையது. கருமை, மஞ்சள், மினுமினுப்பு ஆகியவற்றைத் தரும் மூவகை உயிரணுக்கள் அதன் தோலில் உள்ளன. கருவில் இவை முதுகுப்புறத்தில் தோன்றி உடலெங்கும் பரவ வேண்டும். பரவாமல் நின்றுவிட்டால் உடல் வெளுக்கும். ஆனால் கண் கருப்பாகவே இருக்கும். 1864-இல் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்கு வந்த 34 ஆக்சலாட்டல்களுள் இத்தகைய வெள்ளை ஆண் ஒன்றும் இருந்தது. உண்மையில் கருநிறமி அற்றவை வேறு. அவற்றின் கண் சிவந்திருக்கும். பொன்னிற வகை அதைச் சேர்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஹம்ப்ரி என்ற அமெரிக்க அறிஞர், புலிச் சாலமாண்டர் என்னும் உறவினத்தோடு கலப்புச் செய்து இப்பண்பை ஆக்சலாட்டலுக்குக் கொணர்ந்தார்.

பச்சையாக ஒளிர்பவை சாயம் ஏற்றப்பட்டவை என்பது இரண்டாவது தவறு. ஒருவகைக் கடல் சொறிமீனின் ஒளிர்புரதத்திற்குரிய மரபணுவை ஆராய்ச்சியாளர்கள் ஆக்சலாட்டலின் கருவில் சேர்த்தனர். உயிரணுக்களின் போக்கைக் கண்காணிப்பதே அவர்கள் நோக்கம். அப்பண்பு வழிவழியாகத் தொடர்கிறது.

சிறப்புத் தீவனம் இட்டால் வெள்ளை கருப்பாகும் என்பாரும் உளர். பின்னணிக்கும் வளர்ச்சிக்கும் ஏற்பச் சாயல் சிறிது மாறலாம். ஆயினும் வெள்ளையா, பொன்னா, கருப்பா என்பதைப் பெற்றோர் தந்த மரபணுக்களே முடிவு செய்கின்றன.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். நிறத்தைக் கொண்டு உடல்நலத்தை அளக்க முடியாது. வாய் சிரிப்பதுபோல் வளைந்திருப்பதும் மகிழ்ச்சியின் அடையாளம் அன்று. அதன் முக அமைப்பே அப்படி. செவுள்கள் முன்னோக்கி மடிதல், வால் நுனி சுருளுதல், உணவை மறுத்தல், செவுளில் பஞ்சு போன்ற பூஞ்சை படர்தல் ஆகியவையே அது துன்புறுவதைக் காட்டும் குறிகள்.

துன்பத்திற்கு முதற்காரணம் வெப்பம். அதற்கு ஏற்ற நீர் 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்தது. 24 பாகையைத் தாண்டினால் நோய் எளிதில் பற்றும். வெப்பநீரில் உயிர்வளி குறைகிறது. பிராணியின் தேவையோ கூடுகிறது. வடநாட்டுக் கோடையையும் சென்னை வெயிலையும் அறிந்த நமக்கு மேலும் சொல்ல வேண்டுவதில்லை. நீரைக் குளிர்விக்கும் இயந்திரம் இல்லாதவர் இதனை வாங்காமல் இருப்பதே அறம்.

கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா நீரில் தேங்கக்கூடாது. குழாய்நீரின் குளோரினை நீக்க வேண்டும். சிறு கூழாங்கற்களை விழுங்கிக் குடல் அடைபட்டு இறப்பதும் உண்டு. ஆகவே மெல்லிய மணலோ வெறுந்தரையோ நன்று. கண்ணுக்கு இமை இல்லாமையால் கடும் விளக்கொளியும் ஆகாது. செங்கண் வகைக்கு இன்னும் கூடுதல் நிழல் வேண்டும். மண்புழு நல்ல உணவு. மீன்களோடு சேர்த்து விட்டால் அவை செவுளைக் கடிக்கும். இழந்த கால் மீண்டும் முளைக்கும் என்பது மெய்தான்; அதனால் காயம் நோகாது என்று பொருளன்று.

தொட்டிகளில் பல்கியிருப்பதால் இவ்வினம் பிழைத்துவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. சோச்சிமில்கோவில் 1998-இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 ஆக்சலாட்டல்கள் இருந்தன; 2014-இல் 36 மட்டுமே என மதிப்பிட்டனர். நகரக் கழிவும், புதிதாக விடப்பட்ட கெண்டை, திலாப்பியா மீன்களும் அவற்றை அழித்தன. இவ்வினத்தின் வணிகம் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. 2022-இல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குச் சட்டப்படி, இத்தகைய அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தலும் வேண்டும்.

நன்கு பேணினால் ஆக்சலாட்டல் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். கடைக்குச் செல்லும் நண்பர்கள் "என்ன நிறம் வேண்டும்?" என்று தம்மையே கேட்டுக்கொள்வதற்கு முன், "10 கோடைகளிலும் குளிர்ந்த நீர் தர என்னால் இயலுமா?" என்று கேட்டுக்கொள்வார்களாக.