பெயர்ச் சுருக்கமும் கூட்டுறவும்

நீண்ட பெயர்களை நாவுக்கு எளிதாகச் சுருக்கி வழங்குவது மக்களின் இயல்பு. தஞ்சாவூர் தஞ்சை எனவும், கோயம்புத்தூர் கோவை எனவும் மருவியதை இலக்கணம் மரூஉ என்கிறது. ஊர்ப்பெயர்களைப் போலவே அமைப்புகளின் பெயர்களும் வழக்கில் சுருங்குகின்றன. சேலம், நாமக்கல் சமவெளியில் வழங்கும் கூட்டுறவுப் பெயர்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

இவ்வூர்களில் 'சொசைட்டி' என்னும் ஒரு சொல்லே இடத்திற்கேற்பப் பல பொருள் தருகிறது. 'சொசைட்டிக்குப் பால் ஊற்றினேன்' என்றால் அது பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். 'சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கினேன்' என்றால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். நெசவாளர் சொல்லும்போது நூல் தந்து துணி பெறும் சங்கத்தைக் குறிக்கும். உடன்வரும் சொற்களே பொருளைத் தெளிவாக்குகின்றன.

நிறுவனங்கள் தாமே சூட்டிக்கொண்ட சுருக்கப் பெயர்களும் உண்டு. 1935இல் தோன்றிய தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 'கோ-ஆப்டெக்ஸ்' எனப்படுகிறது. கூட்டுறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியே 'கோ-ஆப்'. 'டெக்ஸ்' துணியைச் சுட்டும். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் செய்வோருக்காகச் சேலத்தில் 1981இல் பதிவுபெற்ற சங்கம் 'சேகோசர்வ்'. இதிலுள்ள 'கோ'வைக் கூட்டுறவு எனக் கருதலாகாது. அது ஜவ்வரிசியைக் குறிக்கும் 'சேகோ' என்னும் சொல்லின் இறுதி எழுத்து. பால் கூட்டுறவின் வணிகப் பெயராகிய 'ஆவின்' தமிழ்ச்சொல். பசுவைக் குறிக்கும் 'ஆ', வகர உடம்படுமெய் பெற்று 'இன்' சாரியையோடு சேர்ந்தது.

இந்நான்கு பெயர்களுள் கோ-ஆப்டெக்ஸ் ஒன்றில் மட்டுமே கூட்டுறவைக் குறிக்கும் பகுதி எஞ்சியுள்ளது. 'சொசைட்டி' என்பதற்கும் சங்கம் என்பதே பொருள். ஏனையவற்றில் மறைந்த 'கூட்டுறவு' என்னும் சொல்லோ அவ்வமைப்புகளின் உயிர்ப்பொருளாகும். 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட தொழிலாளர்கள் கடையொன்றைத் தொடங்கினர். வாங்குவோரே அதன் உரிமையாளர். பங்குத்தொகை கூடினும் குறையினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. இந்தியாவில் 1904ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வழிவகுத்தது.

தனி உழவர் தம் மஞ்சளை வணிகர் சொல்லும் விலைக்கே விற்க நேரிடலாம். திருச்செங்கோட்டுக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் ஏலத்திலோ பல வணிகர்கள் போட்டியிட்டு விலை கேட்கின்றனர். இவ்வலிமை உறுப்பினர் ஒன்றுசேர்ந்ததால் வந்தது. 'சொசைட்டியில் என்ன தருகிறார்கள்?' என்று கேட்பவர் தம்மை வாடிக்கையாளராகவே எண்ணுகிறார். 'நம் சங்கம் என்ன முடிவெடுத்தது?' என்று கேட்பவர் பேரவைக் கூட்டத்திற்குச் செல்வார், கணக்கைப் பார்ப்பார், வாக்களிப்பார். பெயர் எவ்வளவு சுருங்கினாலும் இவ்வுரிமையை உறுப்பினர் மறவாதிருத்தல் வேண்டும்.