கல்லாவில் அமர்ந்திருப்பவரின் மனம்

அரிசி மூட்டையில் வண்டு விழுந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும். கடைக்காரரின் மனம் களைத்துப் போனால் வீட்டார்கூட அறிவதில்லை. விடியுமுன் கடை திறந்து, இரவு பத்து மணிக்குக் கணக்கு முடிக்கும் நம் வணிகப் பெருமக்களிடையே இதைப் பேசும் வழக்கமே இல்லை.

தொழிலில் நெடுநாள் தீராத நெருக்கடியால் வரும் இந்தக் களைப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இலக்கணம் வகுத்தது. சக்தி வற்றிப்போதல், தொழில் மீதே வெறுப்பு, எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் ஆகியவை அதன் அடையாளங்கள். இதை நோய் என்று அந்நிறுவனம் சொல்லவில்லை. பாக்கி வசூலுக்குப் போகவே கால் எழாதவருக்கு அந்தப் பெயர் விவகாரம் எதற்கு?

நம் பகுதியில் களைப்போடு அதிர்ச்சியும் சேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தைச் சூழ்ந்தது. நனைந்த சரக்குக்குக் கணக்கு எழுதலாம். மழை இருட்டினாலே நெஞ்சு படபடப்பதற்கு என்ன செய்வது?

இங்கே ஒரு முன்னுதாரணம் உண்டு. 2004 சுனாமியில் உறவுகளை இழந்த ஒரு கடலோரப் பகுதி மக்களை, பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஓராண்டு காலம் தொடர்ந்து சந்தித்து, அவர்கள் சொல்வதைக் கேட்டார்கள். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பின் அனுபவத்தில் பிறந்த முயற்சி இது. அத்தகைய ஆதரவு கிடைக்காத இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டபோது, இவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. 2008-இல் வெளியான ஆய்வு இதைப் பதிவு செய்திருக்கிறது. தவறாமல் வந்து உட்கார்ந்து கேட்கும் மனிதருக்கே அவ்வளவு பலன்!

மனநல நிபுணர்கள் செய்யும் உறவுவழிச் சிகிச்சை இதைவிட ஆழமானது. சிறுவயதில் சில்லறை குறைந்ததற்கெல்லாம் அடி வாங்கிய ஒருவரை எடுத்துக் கொள்வோம். ஐம்பது வயதிலும் அவர் கடைப் பையனை நம்பமாட்டார். மகனிடம் சாவி தரமாட்டார். காய்ச்சலிலும் கல்லாவை விட்டு எழமாட்டார். அதே சந்தேகம் சிகிச்சை அளிப்பவர் மீதும் ஒருநாள் வரும். அவர் கோபிக்காமல் அதைச் சுட்டிக்காட்டி, எங்கிருந்து வந்தது என்று சேர்ந்து ஆராய்வார். நம்பிப் பழகுவது அந்த அறையில் தொடங்கி, பிறகு வீட்டுக்கும் கடைக்கும் வருகிறது. இதற்கு மாதங்கள் ஆகும். மூன்றே நாளில் குணம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். மாத்திரை தேவையா என்பதையும் மருத்துவரே சொல்லட்டும்.

1794-இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிகளையும் பார்க்கிறார்கள். மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து பேருந்து உண்டு. போகத் தயங்குபவர்கள் 14416 என்ற இலவச அரசு எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே பேசிவிட வேண்டும்.

வாரம் ஒரு மணி நேரம் கடையை யார் பார்ப்பது என்ற கேள்வி எழும். மளிகைக் கடையில் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை கூட்டம் குறைவுதானே? அந்த நேரத்தையே கேட்டு வாங்கிக் கொள்ளலாம்.