ஸ்பைருலினா: நன்மையும் அவதானமும்

சென்ற தவணை கிருலப்பனையில் பெற்றார் கூட்டமொன்று முடிந்து வரும்போது ஒரு தாய் என்னை நிறுத்தினார். கையிலே பச்சைக் குளிசைப் போத்தல். "டீச்சர், மகளுக்கு ரத்தம் குறைவாம். ஸ்கூல்ல குடுக்குற இரும்புக் குளிசைய நிப்பாட்டிட்டு இதத்தான் குடுக்கிறேன். இது நல்லந்தானே?" என்று கேட்டார். வீட்டுக்கு முட்டை வாங்குவதைக் குறைத்துத்தான் அதை வாங்கியிருந்தார். தமிழ் படிப்பிக்கும் எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஸ்பைருலினாவை அல்கா என்கிறோம். உண்மையில் அது சூரிய ஒளியில் தன் உணவைத் தானே தயாரிக்கும் ஒரு சயனோபற்றீரியா. வெப்ப நாடுகளில் காரத்தன்மை கூடிய நீரில் வளரும். இது புதுக் கண்டுபிடிப்பல்ல. மெக்சிக்கோவின் டெக்ஸ்கோகோ ஏரியில் அஸ்டெக் மக்கள் இதை அள்ளி உண்டார்கள். ஆபிரிக்காவின் சாட் ஏரிப் பக்கம் வாழும் கானெம்பு முஸ்லிம் பெண்கள் இதை வடித்து, மணலில் பரப்பிக் காயவைத்து, 'திஹே' என்ற பெயரில் குழம்புக்குப் போடுகிறார்கள். நமக்குக் கிட்டவென்றால், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில் இதைப் பெரிய அளவில் வளர்க்கிறார்கள்.

சத்து இல்லையா? இருக்கிறது. உலர்ந்த ஸ்பைருலினாவில் பாதிக்கு மேல் புரதம். விற்றமின் ஏ ஆக மாறும் பீற்றா கரோட்டினும் இரும்பும் உண்டு. கொலஸ்ட்ரோலையும் இரத்த அழுத்தத்தையும் ஓரளவு குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அது மருந்துக்கு மாற்றீடு அல்ல.

இங்கேதான் ஒரு கணக்குப் போட வேண்டும். 100 கிராமில் சுமார் 57 கிராம் புரதம், 28 மில்லிகிராம் இரும்பு. யார் 100 கிராம் சாப்பிடுகிறார்கள்? நாளுக்கு 3 கிராம் எடுத்தால் கிடைக்கும் புரதம் 2 கிராமுக்கும் குறைவு. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. இரும்பு நாளுக்கு ஒரு மில்லிகிராம்கூட வராது. வாரம் முழுக்கச் சேர்த்தால் ஆறு. மாதவிடாய் தொடங்கிய மாணவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வாரக் குளிசையில் 60 மில்லிகிராம் உண்டு. அந்தத் தாய் பத்தை விட்டுவிட்டு ஒன்றைப் பிடித்திருக்கிறார். விற்றமின் பி12 நிறைய உண்டு என்பதையும் நம்ப முடியாது. அதிலிருப்பதில் பெரும்பகுதி நமது உடம்புக்குப் பயன்படாத போலி பி12.

இனி ஆபத்து. ஸ்பைருலினா தானாக நஞ்சல்ல. சயனோபற்றீரியாக்களிலேயே மைக்ரோசிஸ்டிஸ் என்ற இன்னொன்று உண்டு. நம்முடைய பேர வாவியைப் பச்சையாக்குவதில் அதற்கும் பங்குண்டு. அது சுரக்கும் மைக்ரோசிஸ்டின் ஈரலைத் தாக்கும். கொதிக்க வைத்தாலும் அழியாது. திறந்த நீர்நிலையில் அள்ளியதிலும் சரியாகப் பராமரிக்காத தொட்டியில் வளர்த்ததிலும் இது கலந்துவிடலாம். ஈயம் போன்ற பார உலோகங்களும் சேரலாம். ஆகவே எங்கே வளர்த்தது, யார் பரிசோதித்தது என்பது லேபலில் இல்லாத போத்தலை வாங்காதிருப்பதே நல்லது.

லூபஸ் போன்ற, உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோயுள்ளவர்களும், பீனைல்கீற்றோனூரியா உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு பிள்ளைகள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நமக்கு இன்னொரு கவனமும் உண்டு. கெப்சியூல் என்றால் மேலுறை ஜெலட்டினா, எதிலிருந்து எடுத்தது என்று பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது தாவரம் போன்றது என்பதற்காக உறையும் அப்படியென்று ஆகாது.

அந்தத் தாயைப் பிறகு கண்டு நான் சொன்னது இவ்வளவுதான்: "இரும்புக் குளிசைய நிப்பாட்டாதீங்க. அதப் போட்ட கையோட பிளேன்டீ குடிக்க விடாதீங்க, இரும்பு உடம்புல சேராது. தேசிக்காய்த் தண்ணி குடுங்க. முட்டையையும் நெத்தலியையும் திரும்ப வாங்குங்க. இந்தப் போத்தல அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போய் டொக்டர்ட்ட காட்டுங்க."