நாற்காலியைப் பெரிதாக்கியவர்

கொல்கத்தா அலிப்பூரில் டூயல் அவென்யூ என்று ஒரு சாலை உண்டு. 1780 ஆகஸ்ட் 17 அன்று, கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவருடைய கவுன்சில் உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் அந்தப் பக்கத்தில்தான் கைத்துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். ஒரே மேஜையில் உட்கார்ந்து நிர்வாகம் பார்த்தவர்கள்! குண்டடி பட்ட பிரான்சிஸ் இங்கிலாந்து திரும்பியும் விடவில்லை. ஹேஸ்டிங்ஸ் மீது நாடாளுமன்றத்தில் விசாரணை வர முன்னின்று உழைத்தார். 1788-ல் தொடங்கிய அந்த விசாரணை, ஹேஸ்டிங்ஸின் விடுதலையில் முடிய 1795 ஆயிற்று. ஆபீஸ் பகை எத்தனை வருஷங்களைத் தின்னும் என்பதற்கு இது போதும்.

அதே வட்டாரத்தில் பெல்வெடேர் மாளிகை இருக்கிறது. வேலையில் எப்படி வளர்வது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்பும் மனிதர் அங்கே இருந்தவர்: பி.எஸ்.கேசவன். 1909-ல் மயிலாப்பூரில் பிறந்து, மைசூரில் கல்லூரி ஆசிரியராக இருந்து, லண்டனில் நூலகவியல் படித்தவர். 1947-ல் இம்பீரியல் நூலகம் அவர் பொறுப்புக்கு வந்தது. போர்க்காலத்தில் கொல்கத்தாவின் எஸ்பிளனேட் பகுதியிலிருந்து பெயர்க்கப்பட்ட நூலகம் அது. 1948-ல் சட்டப்படி தேசிய நூலகம் என்று பெயர் மாறியது. 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா ஆசாத் அதை பெல்வெடேரில் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார்.

பெரிய கட்டடம், பெரிய பதவி. பலருக்கு அதுவே போதும். கேசவனோ, இந்த நாட்டில் அச்சாகும் புத்தகங்களுக்கெல்லாம் ஒரே பட்டியல் வேண்டும் என்ற வேலையில் இறங்கினார். பட்டியல் போடப் புத்தகம் கைக்கு வர வேண்டுமே? 1954-ல் நூல் ஒப்படைப்புச் சட்டம் வந்தது. பதிப்பாளர் தம் செலவில், நூல் வெளியான 30 நாளுக்குள் தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். தவறினால் அபராதம் 50 ரூபாய் வரை. அபராதத்துக்குப் பயந்து யாரும் அனுப்பிவிட மாட்டார்கள். கேட்டு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1958-ல் இந்திய தேசிய நூற்பட்டியல் வெளிவரத் தொடங்கியது.

அதில் ஒரு தமிழ்ப் புத்தகம் எப்படிப் பதிவானது என்று பாருங்கள். தலைப்பு ரோமன் எழுத்தில். நெடிலுக்குத் தலைமேல் கோடு. ளகரத்துக்கும் ழகரத்துக்கும் வேறு வேறு குறி. கூடவே, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூயி பகுப்பெண். அதே பதிவில் நம் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பெண்ணும். இரண்டு முறைகளுக்கும் விடாப்பிடியான ஆதரவாளர்கள் இருந்தார்கள். ஒரு தரப்பைத் தோற்கடிக்காமல் இரண்டுக்கும் இடம் கொடுத்தது அந்தப் பட்டியல்.

பதினான்கு மொழிகள். எந்தத் தலைவரும் அத்தனையையும் தாமே படித்துச் சரிபார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு மொழிக்காரரும் தம் மேஜையில் ஒரே விதிப்படி எழுத வேண்டியிருந்தது. விதி தெளிவாக இருந்தால் மேலாளரைக் கேட்டு ஓட வேண்டாம். இன்று நம் ஆபீஸ்களில் எல்லாக் கோப்பும் தம் கையெழுத்துக்குக் காத்திருப்பதைப் பெருமையாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் லீவு போட்டால் வேலை நின்றுவிடும். அதைத் திறமை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ரங்கநாதன் கதையும் இங்கே சேர வேண்டியது. மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். கொஞ்ச நாளிலேயே தனிமை தாங்காமல், மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று போய் நின்றார். முதல்வர் கதவைச் சாத்தவில்லை. முதலில் இங்கிலாந்து போய் நூலகங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகும் பிடிக்கவில்லையென்றால் யோசிப்போம் என்றார். லண்டனில் படித்து, நூலகம் நூலகமாகச் சுற்றியவர், அந்தத் துறையையே மாற்றுகிற யோசனைகளோடு திரும்பினார். அப்புறம் கணித வகுப்பை அவர் தேடிப் போகவில்லை. "இங்கே குரோத் இல்லை சார்" என்று ஆறு மாதத்தில் பேப்பர் போடத் துடிக்கும் தம்பி தங்கைகளிடம் எனக்குக் கோபம் இல்லை. சம்பளம் குறைவென்றால், மரியாதை இல்லையென்றால் கிளம்பத்தான் வேண்டும். வேலையே பிடிக்கவில்லை என்பவர்கள் மட்டும் அதை முழுதாகக் கற்றுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேலே இருப்பவர்களும் அந்த முதல்வரைப் போல அவகாசம் கொடுக்க வேண்டும்.

ரங்கநாதனைப் போலவே தொழில் மாறியவர் வையாபுரிப் பிள்ளை. வக்கீல் தொழிலை விட்டு 1926-ல் தமிழ் லெக்சிகன் என்ற அகராதிப் பணிக்கு வந்த அவர், அதை நிறைவேற்றியும் காட்டினார். அவருடைய நூல் சேகரிப்பு இருப்பதும் அலிப்பூர் தேசிய நூலகத்தில்தான்.

கேசவன் 1960-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1962-ல் தேசிய நூலகத்தை விட்டு, டெல்லியில் அறிவியல் ஆவண மையமான இன்ஸ்டாக்கின் பொறுப்புக்குப் போனார். பட்டியல் அவர் இல்லாமலே தொடர்ந்து வந்தது. அவரோ இந்தியாவில் அச்சும் பதிப்பும் வளர்ந்த வரலாற்றை எழுத உட்கார்ந்தார். முதல் தொகுதி 1985-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 76. மூன்றாவது தொகுதி 1997-ல் வந்தது.