தேடுபொறியும் வணிகரும்

பொருளை விற்க விரும்பும் வணிகன் முதற்கண் நாடுவது நல்ல இடத்தையே ஆகும். மக்கள் நடமாட்டம் மிகுந்த தெருவில் ஒரு சிறு கடை கிடைத்தாலும் போதும் என்பான். ஆள் புழங்காத சந்தில் மாளிகை போன்ற கடையை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டா என்பான். இணையத்தில் வணிகம் செய்வோர்க்கும் இந்தக் கவலை உண்டு. எண்ணற்ற பக்கங்கள் நிறைந்த அந்தப் பெருவெளியில் தெருக்கள் இல்லை. தேடுபொறி தன் விடைகளை வரிசையாக அடுக்கிக் காட்டும் பக்கமே அங்கு நாற்சந்தியாக விளங்குகின்றது.

அந்த நாற்சந்திக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. செய்தித்தாளில் குடை விளம்பரம் வெளியிட்டால், குடை வேண்டுவோரும் வேண்டாதோரும் அதனைக் காண்பர். தேடுபொறியிலோ, குடை என்னும் சொல்லைத் தட்டியவர்க்கே குடைக் கடை காட்டப்படும். அவர் தம் தேவையைத் தாமே எடுத்துரைத்தவர்; பெரும்பாலும் வாங்கும் எண்ணத்தோடு வந்தவர். ஆதலின் அவர் தட்டிய சொல்லுக்கே ஒரு விலை உண்டாயிற்று.

விடைப் பக்கத்தில் இருவகை விடைகள் இடம்பெறுகின்றன. பொறி தானே ஆராய்ந்து தருவது ஒருவகை. வணிகர் காசு கொடுத்துப் பெறுவது மற்றொரு வகை. முன்னதற்குப் பெயர் பெற்றது கூகுள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் 1998ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்களின் தகுதி யாது என்று கணக்கிட்டு விடைகளை வரிசைப்படுத்துவது அவர்கள் வகுத்த முறை. விளம்பர வருவாயால் வாழும் தேடுபொறி, தேடுவோரின் நலனை விட்டு விளம்பரம் தருவோர் பக்கமே சாயும் என்று அதே ஆண்டில் வெளியான தம் கட்டுரையில் அவர்கள் எழுதினர். பின்னாளில் உலகின் மாபெரும் விளம்பர வணிகங்களுள் ஒன்றை நடத்தியவரும் அவ்விருவரே! காலம் செய்யும் வேடிக்கைகளுள் இதுவும் ஒன்று.

காசுக்கு இடம் தரும் முறையை விரிவாக நடத்திக் காட்டியவர் வேறொருவர். கலிபோர்னியா மாநிலத்துப் பாசடேனா நகரில் பில் கிராஸ் என்பவர் 1998ஆம் ஆண்டில் ‘கோட்டூ’ என்னும் தேடுபொறியை ஏற்படுத்தினார். அதில் சொற்கள் ஏலம் விடப்பட்டன. மிகுந்த தொகை கூறியவர்க்கு முதலிடம். அடுத்த தொகை கூறியவர்க்கு இரண்டாமிடம். வணிகரின் விளம்பரத்தை ஒருவர் சொடுக்கித் திறந்தாலன்றி வணிகர் காசு தரவேண்டியதில்லை. ஒவ்வோர் இடத்திற்கும் என்ன விலை தரப்பட்டது என்பதையும் அப்பொறி வெளிப்படையாகவே காட்டியது. இதனை இகழ்ந்தோர் பலர். எனினும், விலையை மறைக்காமல் காட்டிய அந்த நேர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. 2001இல் அந்நிறுவனம் ‘ஓவர்ச்சர்’ எனப் பெயர் மாறியது. 2003இல் யாகூ நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது.

அந்த ஏலத்தில் ஒரு குறை இருந்தது. கூறிய தொகையை அப்படியே செலுத்தவேண்டும் என்பது விதி. ஒருவர் 50 சென்ட் கூறினால் மற்றவர் 51 கூறுவார். முன்னவர் 52 கூறுவார். இப்படியே ஏறி, இனித் தாங்காது என்னும் நிலையில் ஒருவர் தம் தொகையைச் சட்டென்று குறைத்து இரண்டாமிடத்திற்கு இறங்குவார். உடனே முதல்வரும் அவரைவிட ஒரு சென்ட் மட்டும் கூடுதலாக வைத்துக்கொண்டு கீழிறங்குவார். மறுபடியும் ஏற்றம் தொடங்கும். மனிதரால் இரவும் பகலும் விழித்திருக்க இயலாதாகையால், இந்தப் போட்டியை நடத்துவதற்கென்றே கணினி நிரல்களை எழுதி ஏவினர். விலைகளை வரைபடமாகத் தீட்டினால், அது வாளரத்தின் பற்களைப் போலக் காட்சியளித்தது.

கூகுள் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 350 விளம்பரக்காரர்களோடு இத்துறையில் இறங்கியது. 2002இல் ஏல முறையைத் திருத்தி அமைத்தது. திருத்தங்கள் இரண்டு. கூறிய தொகையை முழுமையும் செலுத்த வேண்டா; தம் இடத்தைக் காத்துக்கொள்ளப் போதுமான தொகையைச் செலுத்தினால் போதும். தொகையோடு, விளம்பரத்தைக் கண்டவருள் எத்தனை பேர் அதனைச் சொடுக்குகின்றனர் என்பதும் கணக்கில் கொள்ளப்படும். வில்லியம் விக்ரி என்னும் பொருளியலறிஞர் 1961இல், ஏலத்தில் வென்றவர் தமக்கு அடுத்தவர் கூறிய விலையையே தரும் முறையை ஆராய்ந்து எழுதினார். 1996இல் நோபெல் பரிசும் பெற்றார். கூகுளின் ஏலம் அதற்கு உறவுடையது. முற்றிலும் அதுவே அன்று.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். குடை விற்கும் வணிகர் இருவர். செல்வரான முதல்வர் 90 சென்ட் கூறுகிறார். அவர் விளம்பரத்தைக் காண்போரில் நூற்றுக்கு ஒருவரே சொடுக்குகின்றனர். சிறு வணிகரான மற்றவர் 45 சென்ட் கூறுகிறார். அவர் விளம்பரம் தெளிவாக இருத்தலின் நூற்றுக்கு மூவர் சொடுக்குகின்றனர். 90ஐ ஒன்றாற் பெருக்க 90; 45ஐ மூன்றாற் பெருக்க 135. ஆகவே முதலிடம் சிறு வணிகர்க்கே! அவர் செலுத்த வேண்டியது, 90ஐ மூன்றால் வகுத்து வரும் 30 சென்ட்டுக்குச் சற்றே மேற்பட்ட தொகை. இன்று வேறு பல கூறுகளும் இக்கணக்கில் சேர்ந்துள்ளன. விளம்பரம் இட்டுச் செல்லும் பக்கம் பயனுடையதா என்பது அவற்றுள் ஒன்று.

முதலிடம் கிடைத்துவிட்டால் இலாபம் வந்துவிடுமோ? வாராது. கடைக்குள் வருவோர் அனைவரும் வாங்குவதில்லை அன்றோ? நாற்பது பேர் வந்தால் ஒருவர் வாங்குகிறார் என்று கொள்வோம். ஒரு வருகைக்கு 30 சென்ட் எனின், ஒரு குடை விற்க விளம்பரச் செலவு 12 டாலர். ஒரு குடையில் கிடைக்கும் ஆதாயம் 15 டாலராயின், மிஞ்சுவது 3 டாலர். வருகையின் விலை 40 சென்ட்டாக உயர்ந்தால் செலவு 16 டாலர். விற்கும் ஒவ்வொரு குடைக்கும் ஒரு டாலர் நட்டம். சில நாளில் செல்வராகலாம் என்று இணைய வணிக வகுப்பு நடத்துவோருள் பலர் இந்தச் சிறு கணக்கைச் சொல்லுவதில்லை.

தேர்ந்த வணிகர் ஆதலால் பொதுச் சொல்லை நாடுவதில்லை. ‘குடை’ என்பதைவிட ‘இருவர்க்கான காற்றில் மடங்காத குடை’ என்பது போன்ற நீண்ட தொடரைத் தேர்ந்தெடுப்பர். அதனைத் தட்டுவோர் சிலரே. எனினும் அவர்கள் வாங்க வந்தவர்கள். ‘குடை பழுதுபார்த்தல்’ என்று தேடுவோர்க்குத் தம் விளம்பரம் தோன்றாதபடி விலக்கியும் வைப்பர். இவ்வாறு செய்தும் வஞ்சகர் கைவரிசையிலிருந்து முற்றிலும் தப்ப இயலாது. வாங்கும் எண்ணமின்றிப் பிறர் விளம்பரத்தைச் சொடுக்கிச் சொடுக்கிப் பணத்தைக் கரைப்போர் உண்டு. இதுபற்றி எழுந்த வழக்கொன்றில், 2006ஆம் ஆண்டில் கூகுள் 9 கோடி டாலர் வரை அளிக்க உடன்பட்டது.

தேடுவோர் பக்கமும் சிறிது நோக்குவோம். ஆய்ந்து தந்த விடை எது, காசுக்கு வந்த விடை எது என்று அவர் அறிதல் வேண்டும். அதனைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுமாறு, அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2002இல் தேடுபொறி நிறுவனங்களுக்கு எழுதியது. இன்றும் அத்தகைய விடையின் தலையில் ஒரு சிறு குறிப்பு உண்டு. விரைந்து செல்லும் கண்ணுக்கு அது எளிதில் புலப்படுவதில்லை.

நாற்சந்தி ஒருவர் கையிலேயே இருப்பின் வாடகையும் அவர் வைத்ததே ஆகும். தேடுபொறித் துறையில் கூகுள் தன் முற்றுரிமையைச் சட்டத்திற்கு மாறாகக் காத்துக்கொண்டது என்றும், எழுத்து விளம்பரங்களுக்குப் போட்டிச் சந்தையில் நிலவக்கூடியதைவிட மிகுந்த விலை பெற்றது என்றும், வாஷிங்டனிலுள்ள நடுவண் நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் தீர்ப்பளித்தது.

வாடிக்கையாளர் பெருகினால் இவ்வாடகை குறையும் என்று வணிகர் நம்புவது இயல்பே. ஒருமுறை வாங்கி மகிழ்ந்தவர், மறுமுறை கடையின் பெயரையே தட்டித் தேடுவர். ஆனால் அப்பெயரையும் போட்டியாளர் ஏலத்தில் எடுக்கலாம். ஆகவே தம் கடையைத் தேடி வருவோர் அடுத்த கடைக்குப் போய்விடாதிருக்க, தம் பெயருக்குத் தாமே விலை கூறி ஏலம் எடுக்கும் வணிகரும் பலர் உளர்.